இது பெட்டரா, அது பெட்டரா

ஜனவரி 9

கண்ணாடிக் கடையின் மூத்த வாரிசுக்கு இளைய வால் எழுதிக்கொள்வது.

நான்கு நாளில் நான்கு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ஐந்தாவது முறை உன்னோடு அறையில் இருப்பவர் எடுத்து, "அவர் குளிக்கறாரும்மா" என்றார். நான்கு நாளாகவா குளிக்கிறாய், தோல் ஊறிப்போயிருக்குமே. அதனால்தான் கடிதம். கடிதத்திடம் யாரும் குளிக்கப் போய்விட்டதாகச் சொல்ல முடியாது.

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் அப்பாவும். அம்மா போனபோது நான்கு பேர் மூன்று பேரானோம், நீ போனபோது மூன்று பேர் இரண்டு பேரானோம். கணக்கில் கழித்தல் மட்டும் எனக்கு நன்றாக வருவதற்கு இந்தக் குடும்பம்தான் காரணம்.

இங்கிலீஷ் வகுப்பில் நேற்று என்னை வெளியே நிற்க வைத்தார்கள். குட், பெட்டர், பெஸ்ட் பாடம். "பெட்டர்னு சொன்னா அதுக்குப் பின்னாடி கண்டிப்பா 'தேன்' வரணும்" என்றார் டீச்சர். "தேன் வந்தா எறும்பும் வருமே மிஸ்" என்றேன். வகுப்பே சிரித்தது, டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டர் என்ற வார்த்தையை நான் தொட்டிலிலேயே கேட்டவள் என்று அவருக்குத் தெரியாது. மற்ற பிள்ளைகளுக்குத் தாலாட்டு, நமக்கு "இது பெட்டரா, அது பெட்டரா". ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் அந்த இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்து அட்டையைப் பார்க்கச் சொல்லி, அப்பா முப்பது வருடமாகக் கேட்கும் அதே கேள்வி.

அப்பா முன்னைவிடச் சாந்தமாகிவிட்டார். கடை வாசல் கண்ணாடியில் "எங்கள் கடைக்கண் பார்வை உங்கள் மேல்" என்று சாக்பீஸால் எழுதி வைத்தேன். முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் காது சிவக்கும். இந்த முறை நான்கு நாள் ஆகியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கடைசியில் நானே அழித்தேன். திட்டு வாங்காத குறும்பு உப்பில்லாத குழம்பு மாதிரி.

காலையில் பேப்பரைப் படித்துக் காட்டச் சொல்கிறார். "உனக்கு உச்சரிப்பு வரட்டும்" என்கிறார். வாடிக்கையாளர் சீட்டையும் அவர் சொல்லச் சொல்ல நானே எழுதுகிறேன், அவர் கையெழுத்து மட்டும் போடுகிறார். உன் ஸ்டூல் இன்னும் லென்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தினமும் அதில் முட்டியை இடித்துக்கொள்கிறார். "எடுத்து உள்ள போடட்டாப்பா" என்று கேட்டால் "இருக்கட்டும்" என்பதோடு சரி.

மார்ச் கடைசியில் ஸ்டாக் எடுக்கும் வாரம். அப்போதாவது வா. அந்த டிரைவர் விஷயத்தை ஊரே மறந்துவிட்டது, நீ மட்டும் ஏன் நினைவில் வைத்திருக்கிறாய்?

இப்படிக்கு,
வாலு


ஜனவரி 20

வாலுக்கு,

போனில் உன் குரலைக் கேட்டால் சிரித்துவிடுவேன். சிரித்துவிட்டால் வந்துவிடுவேன். அதனால்தான் எடுப்பதில்லை. இனிமேலும் எடுக்க மாட்டேன். எழுது, படிக்கிறேன்.

இங்கே எனக்கு வேலை லென்ஸ் தேய்ப்பது. பல ஊர்க் கடைகளிலிருந்து சீட்டு வரும், அதில் இருக்கும் எண்ணுக்குக் கண்ணாடியைத் தேய்த்துக் கொடுப்போம். தண்ணீரும் பொடியும் கலந்த சேறு முழங்கை வரை இருக்கும். யாருடைய கண்ணையும் பார்க்க வேண்டாம், யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். எண் தப்பாக இருந்தால் அது சீட்டு எழுதியவனின் தப்பு. எனக்கு இது போதும்.

ஊர் மறந்துவிட்டது என்கிறாய். டிப்போ வாசல் கேட்டுத் தூணில் பஸ்ஸை உரசியது ஊர் இல்லை. நான் எழுதிக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் தலைவலியோடு ஓட்டி, கடைசியில் தூணின் தூரம் தெரியாமல் இடித்தவர் அந்த டிரைவர். அவரை வண்டியிலிருந்து இறக்கி, பஸ் கழுவும் வேலைக்கு மாற்றினார்கள். கண்ணாடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நம் கடை வாசலில் நின்றாரே, அந்தக் கையை நான் மறக்கவில்லை.

அப்பா சொன்னதையும்தான். கடை நிறைய ஆள். "இவனைவிட அந்தச் சின்னப் பொண்ணு பெட்டர்." உன் டீச்சர் சொன்னது சரி. பெட்டருக்குப் பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். அங்கே நின்றவன் நான்.

பரீட்சைக்குப் படி.

அண்ணன்


பிப்ரவரி 6

அண்ணா,

முதலில் சிரித்துவிடு, பிறகு சிரிக்க முடியாது.

அப்பாவுக்கு அதிர்ச்சி கொடுக்கப் புது எழுத்து அட்டை ஒன்று தயார் செய்தேன். அதே அளவு, அதே கறுப்பு மை, எழுத்துகள் மட்டும் வேறு. கடைசி வரிசை உனக்குத் தெரியுமே, கழுகுக்கும் காக்காவுக்கும் மட்டும் தெரிகிற வரிசை. அதில் "கண்ணாடி தேவையில்லை வீட்டுக்குப் போ" என்று பொடி எழுத்தில் போட்டேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை. கடை திறக்கும் முன் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி, திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

முதல் ஆள் ஒரு தையற்காரர். ஊசியில் நூல் கோர்ப்பதில் தொந்தரவில்லை, தூரத்தில்தான் தெரியவில்லை என்றார். அப்பா லென்ஸைப் போட்டு, "அஞ்சாவது வரிசை படிங்க" என்றார்.

"ச, ந, வ, ல, க" என்றார் தையற்காரர். சரியாகத்தான் படித்தார்.

"இல்லையே. நல்லா பாருங்க. முதல் எழுத்து ப."

"ச மாதிரி இருக்குங்க."

அப்பா லென்ஸை மாற்றினார். "இப்ப? இது பெட்டரா, அது பெட்டரா?"

"அதே ச தாங்க. கொஞ்சம் சின்ன ச."

நான் திரைக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்பா பதிலுக்கு விளையாடுகிறார் என்று நினைத்தேன். மூன்றாவது லென்ஸ், நான்காவது லென்ஸ். அப்பாவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "ப, ட, ற, ம, ய. அதான் எழுதியிருக்கு. அவசரப்படாம பாருங்க." ஐந்தாவது லென்ஸுக்குத் தையற்காரர் அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆமாங்க, ப தாங்க. இப்பதான் தெரியுது" என்றார்.

அண்ணா, அப்பா நமக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் என்ன? நல்லா தெரியுதா என்று கேட்காதே, மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். இரண்டைக் காட்டு, எது பெட்டர் என்று கேள், ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒண்ணுன்னு சொல்லுங்க என்று சொல். நமக்காகப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அப்போதே நிறுத்து. அன்றைக்கு அப்பா நிறுத்தவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டு, "எழுதுடா வாலு" என்று எண்ணைச் சொன்னார்.

அவருக்கு அட்டையே தெரியவில்லை. சுவரில் அட்டை இருக்கிறதா, காலண்டர் இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. முப்பது வருட மனப்பாடம்.

சீட்டை எழுதவில்லை. "இன்னும் ரெண்டு நாள்ல வாங்க அண்ணே, லென்ஸ் துடைக்கணும்" என்று சொல்லித் தையற்காரரை அனுப்பினேன். பழைய அட்டையை மாட்டினேன். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வாய் வரவில்லை, நம்புவாயா, எனக்கு.

உன் பேச்சைத்தான் கேட்பார். வா.

வாலு


பிப்ரவரி 15

வாலுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இதுவும் உன் வால்தனமாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. என்னை வரவழைக்க நீ வீட்டுக்குத் தீ வைத்ததாகக்கூட எழுதுவாய். ஆனால் கேலிக்கு எழுதியிருந்தால் தையற்காரர் "சின்ன ச" என்று சொன்னதோடு நிறுத்தியிருப்பாய். அதற்குப் பிறகு எழுதினாய் பார், அதனால் நம்புகிறேன்.

முதல் வேலை, கடையில் பரிசோதனையை நிறுத்து. ஃப்ரேம் மட்டும் விற்கட்டும். இரண்டாவது, ஒரு கண்ணை மூடச் சொல்லி, உன் விரலைப் பக்கவாட்டிலிருந்து மெதுவாக உள்ளே கொண்டு வா. எங்கே தெரிகிறது என்று கேள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகச் செய். மூன்றாவது, பெரிய கண் ஆஸ்பத்திரி. கண்ணின் அழுத்தத்தைப் பார்க்கச் சொல். நாள் கடத்தாதே.

நான் வந்து பரிசோதிக்க மாட்டேன். கோபத்தால் சொல்லவில்லை. உனக்கு இதுவரை எழுதாத ஒன்றை எழுதுகிறேன்.

நம் கடையில் ஒரு வழக்கம் உண்டு. நான் லென்ஸ் போட்டுக் கேட்பேன். முடிந்ததும் சட்டத்திலிருந்து லென்ஸை எடுத்து அப்பாவிடம் கொடுப்பேன், அதன் விளிம்பில் நீட்டியிருக்கும் காதில் பொறித்த எண்ணை அவர் படிப்பார், கையெழுத்துப் போடுவார். கேட்பது ஒருவர், படிப்பது இன்னொருவர். டிரைவரின் சீட்டில் "இரண்டு" என்று இருந்தது. அப்பா படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆக எண்ணில் தப்பு இல்லை. அப்படியென்றால் தப்பு என் கேள்வியில். டிரைவருக்கு ஒன்றாம் எண்ணே போதும், நான் இரண்டைப் போட்டு, எது பெட்டர் என்று கேட்டு, அவர் வாயிலிருந்து தப்பான பதிலை வாங்கியிருக்கிறேன். எப்படி என்று இரண்டு வருடமாக யோசிக்கிறேன். அந்தக் காலையை நிமிடம் நிமிடமாக ஓட்டிப் பார்க்கிறேன். எதுவும் அகப்படவில்லை. எங்கே தவறினேன் என்றே தெரியாதவன் திரும்பவும் அதே இடத்தில் தவறுவான். அப்பா கண்ணில் வைத்து அதை நான் செய்ய மாட்டேன்.

போன மாதம் இங்கே கூட வேலை செய்பவர் தன் மகளுக்குப் பரிசோதனை செய்யச் சொன்னார். லென்ஸைக் கையில் எடுத்தேன். கை நடுங்கியது. தலைவலி என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சொன்னதை எழுது.

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணா,

இந்தக் கடிதத்தை ஆறு முறை கிழித்தேன். ஆறிலும் ஜோக் இருந்தது. இதில் இல்லை.

உன் கேள்வியில் தப்பு இல்லை. அந்தக் காலையில் நீ என்னிடம் பந்தயம் கட்டினாய். பெட்டியைப் பார்க்காமலே எந்த லென்ஸையும் எடுப்பேன் என்றாய். நிஜமாகவே எடுத்தாய், என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே எடுத்தாய், எனக்குப் பொறாமை தாங்கவில்லை. நீ டீ குடிக்கப் போன நேரத்தில் பெட்டியில் ஒன்றாம் எண் லென்ஸையும் இரண்டாம் எண் லென்ஸையும் இடம் மாற்றி வைத்தேன். பந்தயத்தில் தோற்பாய், ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்து என்னைத் துரத்துவாய் என்று நினைத்தேன். அப்படிக் கண்டுபிடிக்காவிட்டாலும் அப்பா எண்ணைப் படிக்கும்போது பிடித்துவிடுவார் என்று நினைத்தேன். அதனால்தான் தைரியமாகப் பள்ளிக்குப் போனேன்.

சாயங்காலம் வந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குறும்பு நமத்துப்போய்விட்டது என்று லென்ஸ்களைத் திரும்பச் சரியான இடத்தில் வைத்தேன். அன்றைக்கு வந்தது ஒரே ஒரு ஆள் என்று தெரியாது. அது அந்த டிரைவர் என்றும் தெரியாது.

நீ இரண்டாம் எண் குழியில் கை விட்டாய். கையில் வந்தது ஒன்று. அவருக்கு அதுதான் சரியான பவர், அதனால்தான் அவர் பெட்டர் என்றார். உண்மையைச் சொன்னார். நீயும் உண்மையாகத்தான் கேட்டாய்.

மூன்று வாரம் கழித்து அவர் கடை வாசலில் வந்து நின்றபோது எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அப்பா கத்திக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் காட்டி, இவள் பெட்டர் என்றார். பதினான்கு வயதில் முதல்முறையாக அந்த வார்த்தை என் பக்கம் வந்தது. அரை நிமிடம், அண்ணா, அரை நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த அரை நிமிடத்துக்குள் நீ செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாய்.

பிறகு ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். நீ போனில் சிரித்தால் அந்தச் சிரிப்போடு சொல்லிவிடலாம் என்று திரும்பத் திரும்பப் போன் செய்தேன். நீ எடுக்கவே இல்லை.

உன் கை நடுங்கியது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகும் சொல்லாமலிருந்தால் நான் மனுஷியே இல்லை.

உன் தங்கை


மார்ச் 19

அண்ணா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. சரிதான். இது பதில் கேட்கும் கடிதம் இல்லை, ஆஸ்பத்திரியில் சொன்னதை எழுது என்றாயே, அதற்காக.

விரலை வைத்து நீ சொன்ன மாதிரி பார்த்தேன். வலது கண்ணில் எங்கே கொண்டுபோனாலும் தெரியவில்லை. இடது கண்ணில் ஓரமாக வந்தபோது "ஆ, அங்க" என்றார். நடுவில் கொண்டுவந்ததும் விரல் காணாமல் போய்விட்டது. அப்பா சிரிக்கப் பார்த்தார். "நீ மறைச்சிட்டியா?" என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்குப் போய் மூன்று மணி வரை உட்கார்ந்தோம். சொட்டு மருந்து, விளக்கு, மறுபடி சொட்டு மருந்து. டாக்டர் அம்மா சின்ன வயது, பொறுமையானவர். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டதாம். வலி இல்லாமல், சத்தமில்லாமல் தின்னுமாம். வலது கண் முழுதாகப் போய்விட்டது. இடது கண்ணில் வெளிப்பக்க ஓரம் மட்டும் மிச்சம்.

அப்பா அவரிடமும் கேட்டார், நம் கடைக் குரலிலேயே. "மருந்து போட்டா பெட்டர் ஆகுமா டாக்டர்?"

"ஆகாதுங்கய்யா. இருக்கறது போகாம பாத்துக்கலாம். இதைவிட மோசம் ஆகாம இருந்தா அதான் நமக்கு வெற்றி."

அப்பா தலையை ஆட்டினார். முப்பது வருடம் இரண்டில் ஒன்று பெட்டராகத்தான் இருக்கும் என்று நம்பியவர். அந்த அறையில் காட்டுவதற்கு இரண்டாவது லென்ஸே இல்லை.

வெளியே வரும்போது டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா ஒரு கண்ணையாவது நல்லா காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார். அவருக்கு என்ன தெரியும், சாதாரணமாகச் சொன்னார்.

ஒவ்வொரு வருடமும் ஸ்டாக் எடுக்கும் வாரத்தில் அப்பா கண்ணை நீதான் பார்ப்பாய். அவருக்கு அட்டை மனப்பாடம் என்று தெரிந்து அதைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் படிக்கச் சொல்வாய், அவர் திட்டிக்கொண்டே படிப்பார். நீ கிளம்பிப் போனது அந்த வாரத்துக்குப் பத்து நாள் முன்னால். அதற்குப் பிறகு யாரும் தலைகீழாக மாட்டவில்லை.

நான் இடம் மாற்றியது இரண்டு லென்ஸ்தான். எது எதையெல்லாம் மாற்றிவிட்டது பார்.

அப்பாவுக்கு மிச்சமிருக்கும் பார்வையை வைத்து ஒரு வார்த்தை வாயில் வந்தது. ஜனவரியில் கடை வாசலில் எழுதினேனே, அது. விழுங்கிவிட்டேன். நீயும் எனக்கு அந்தச் சூரியப் பழமொழியை எழுதாதே. எனக்கே தெரியும்.

வாலு


ஏப்ரல் 11

வாலுக்கு,

பிப்ரவரிக் கடிதத்தைப் படித்த அன்று உன்மேல் வந்த கோபத்தில் ஒரு முழு நாள் லென்ஸைக் கீறல் கீறலாகத் தேய்த்தேன். மேஸ்திரி கூப்பிட்டு, "உடம்பு சரியில்லையா" என்றார். தங்கச்சி சரியில்லை என்றேன்.

இரண்டு வருடம். அதைக் குத்திக்காட்ட எழுதுகிறேன் என்று நினைக்காதே, நீ தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். இரண்டு வருடம் நான் என் கையை நம்பவில்லை. சாலையில் பஸ் போனால் டிரைவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பார்ப்பேன். நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

அதன்பிறகு மார்ச் கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் உன்மேல் உள்ள கோபம் இல்லை. போனை எடுத்திருந்தால், பேப்பரைப் படித்துக் காட்டச் சொல்கிறார் என்று நீ சொன்ன உடனே எனக்குப் பொறி தட்டியிருக்கும். அப்பா எந்தக் காலத்தில் பேப்பரை இன்னொருவர் கையில் விட்டார்? ஜனவரிக் கடிதத்தில் எழுதியும் இருந்தாய். சாக்பீஸ், பேப்பர், ஸ்டூல், எல்லாம். நான் டிரைவர் என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தாண்டிப் போய்விட்டேன். என் ரோஷத்தில் அப்பாவின் கண் இரண்டு வருடம் இருட்டில் கிடந்தது. யார் தப்பு பெரிது, உன்னதா என்னதா என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்று சின்னதாகத் தெரிகிறது. விட்டுவிட்டேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்பவரின் அந்த மகளை உட்கார வைத்தேன். லென்ஸைக் குழியிலிருந்து எடுத்ததும் எண்ணைப் பார்த்தேன், பிறகுதான் சட்டத்தில் போட்டேன். இது பெட்டரா, அது பெட்டரா என்று கேட்டேன். அந்தக் குழந்தை, "ரெண்டும் போர் அடிக்குது மாமா" என்றது. உன் ஞாபகம் வந்தது. கை நடுங்கவில்லை.

இருபத்திரண்டாம் தேதி காலை வண்டிக்கு வருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை, அது தனியாக வரும், வந்தால். அதற்கு முன்னால் நீ இரண்டு பேரிடம் போய்ச் சொல்ல வேண்டும். டிரைவரிடம், பிறகு அப்பாவிடம். நான் வந்து சொன்னால் அது என் நியாயத்துக்காக இருக்கும். நீ சொல்.

அண்ணன்


ஏப்ரல் 17

அண்ணா,

இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன்.

டிரைவர் பஸ் டிப்போவில் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். முழுதாகக் கேட்டார். "எட்டு மாசம் பஸ் கழுவினேன் பாப்பா. அப்படி ஒரு சுத்தமான பஸ்ஸ இந்த டிப்போ பாத்ததில்ல" என்றார். இப்போது மறுபடி ஓட்டுகிறாராம், வேறு கடைக் கண்ணாடி. சிரித்தார் என்று எனக்கு நிம்மதி வந்த நேரத்தில், "ஆனா அந்தக் கேட்டுத் தூணைத் தாண்டும்போது இன்னிக்கும் மூச்சை அடக்கிக்கிறேன்" என்றார். பிறகு, "உங்கண்ணன் கிட்ட மரியாதை இல்லாம பேசிட்டேன். வந்தா ஒரு தடவ வரச் சொல்லு" என்றார். என்னை மன்னித்ததாக அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்பா கடையில் உட்கார்ந்து லென்ஸ்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். துடைப்பதை நிறுத்தவில்லை.

"எந்த ரெண்டு?"

"ஒண்ணும் ரெண்டும்பா."

பெட்டிக்குள் கை விட்டு, சரியாக அந்த இரண்டையும் எடுத்தார். காதில் இருக்கும் எண்ணை நகத்தால் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

"அந்த டிரைவர் சீட்டுல என் கையெழுத்து இருந்துச்சு" என்றார். "எண்ணைப் படிச்சுட்டுப் போட வேண்டிய கையெழுத்து. எனக்கு அன்னிக்கே அந்த எண் தெரியல வாலு. அதுக்கு ஆறு மாசம் முன்னாலேர்ந்தே தெரியல. உங்கண்ணன் ரெண்டுன்னான், நான் ரெண்டுன்னு போட்டேன். எனக்குத் தெரியலன்னு சொல்றதுக்குப் பதிலா அவனைக் கடை நடுவுல நிக்க வெச்சுக் கத்தினேன்."

அண்ணா, நீ இரண்டு வருடம் நம்பினாயே, அப்பா படித்துவிட்டார், அதனால் எண் சரி என்று. அவர் படிக்கவே இல்லை. நானும் அதே நம்பிக்கையில்தான் பள்ளிக்கூடம் போனேன்.

பழக்க தோஷத்தில் வாயில் வந்துவிட்டது. "என் தப்பு பெட்டரா, உங்க தப்பு பெட்டராப்பா?"

அடிப்பார் என்று நினைத்தேன். இரண்டு லென்ஸையும் பெட்டியில் அதனதன் குழியில் வைத்தார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

பிறகு, "அவனுக்கு எழுதாத. வந்ததும் நானே சொல்லிக்கறேன்" என்றார். நேற்றிலிருந்து பேப்பர் படிக்கச் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்து வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். அட்டையை மனப்பாடம் செய்த மாதிரி இதையும் மனப்பாடம் செய்கிறார் என்று நினைக்கிறேன்.

எழுதாதே என்று சொன்னதை எழுதிவிட்டேன். நான் யார் பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் சொல்லும்போது நீ முதல்முறை கேட்பவன் மாதிரி கேட்க வேண்டும். இது என் கடைசிக் குறும்பு, இதில் நீதான் என் கூட்டாளி.

உன் ஸ்டூலைச் சுவர் ஓரமாக நகர்த்திவிட்டேன், அவர் முட்டி தப்பித்தது. நீ அவருக்கு இடது பக்கமாகப் போய் நில். நேரே நின்றால் நீ இருப்பதே தெரியாது. ஓரத்தில் நின்றால் உருவம் தெரியும், முகம் தெரியாது. அதனால் உன் முகத்தில் என்ன வந்தாலும் வரட்டும், கவலைப்படாதே. குரலை மட்டும் பார்த்துக்கொள்.

வாலு